எல்லோரும் வெறுக்கும் விளம்பரம் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்கத் தேர்தல்களைக் கவனித்துவரும் நண்பர் ஒருவர் மூன்று கேள்விகளை அடுக்கியிருக்கிறார். எதிராளியைத் தாக்கும் விளம்பரங்களைக் கண்டாலே எரிச்சலாக இருக்கிறது என்றுதான் அங்குள்ள வாக்காளர்கள் சொல்கிறார்கள். அப்படியிருந்தும் வேட்பாளர்கள் அவற்றில் ஏன் இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறார்கள்? அவை நிஜமாகவே வெற்றியைத் தேடித் தருகின்றனவா? அரசியலைக் கெடுக்கின்றன என்றால் தடை செய்துவிடலாமே?

இரண்டாவது கேள்விக்கு என் பதில், பலரும் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் என்பது. மூன்றாவதற்கு, கூடாது என்பது. இரண்டையும் விளக்குவதற்கு முன் இந்த விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஊடகவியல் மாணவர்களுக்கு இவற்றைப் போட்டுக்காட்டிப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறேன். அதில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. வலுவான தாக்குதல் விளம்பரம் அப்பட்டமான பொய்யைச் சொல்வது அரிது. பாதியைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். மீதியைப் பார்ப்பவரே தம் மனத்துக்குள் முடித்துக்கொள்வார். தாமே முடித்துக்கொண்டதை யாரும் அவ்வளவு எளிதில் சந்தேகிப்பதில்லை.

சேற்றை வாரி இறைக்கும் பழக்கம் தொலைக்காட்சியோடு வந்ததில்லை. 1828 அதிபர் தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் போட்டியிட்டபோது, அவர் படைத்தலைவராக இருந்த காலத்தில் ஆறு வீரர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதை நினைவூட்ட, ஆறு கறுப்புச் சவப்பெட்டிகளை அச்சிட்ட துண்டறிக்கைகள் ஊர் ஊராகப் பரவின. அவருடைய மனைவி ரேச்சலின் முதல் திருமணம் முறையாக முறியவில்லை என்பதையும் பத்திரிகைகள் இழுத்துப் போட்டன. ஜாக்சன் வென்றார். பதவியேற்பதற்கு முன்பே, அந்த டிசம்பரில், ரேச்சல் இறந்துபோனார். அவதூறுதான் தன் மனைவியைக் கொன்றது என்று ஜாக்சன் நம்பினார். தொலைக்காட்சி வந்த பிறகு மாறியது, தாக்குதல் நேராக வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததுதான்.

அப்படி நுழைந்தவற்றில் பெயர் பெற்றது 1964 செப்டம்பர் 7 அன்று இரவு என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்த ஒரு நிமிட விளம்பரம். சிறுமி ஒருத்தி டெய்சிப் பூவின் இதழ்களைப் பிய்த்துக்கொண்டே எண்ணுகிறாள். ஐந்துக்குப் பிறகு ஏழு என்கிறாள், பிறகு ஆறு, மறுபடியும் ஆறு, எட்டு, ஒன்பது, மறுபடியும் ஒன்பது. அந்தத் தடுமாற்றத்தைத் திருத்தாமல் விட்டதில்தான் விளம்பரத்தின் உயிர் இருக்கிறது. பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுக் குழந்தை நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்த நொடியில் ஓர் ஆண் குரல் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்குகிறது. சிறுமி நிமிர்ந்து பார்க்க, காமிரா அவள் கண்மணிக்குள் போகிறது, திரை இருள்கிறது, அணுகுண்டு வெடிக்கிறது. அதன்மேல், மறுபடியும் போட்டியிட்ட அதிபர் லிண்டன் ஜான்சனின் குரல்: ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும், இல்லையேல் மடிய வேண்டும்.

எதிர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. அவர் முகம் இல்லை, கட்சியின் பெயர் இல்லை. தேவைப்படவும் இல்லை. சிறிய அணு ஆயுதங்களைப் பயன்படுத்தும் அதிகாரத்தை நேட்டோ தளபதிகளுக்குத் தரலாம் என்று அவர் பேசியிருந்தது அதற்கு முன்பே மக்கள் காதில் விழுந்திருந்தது. விளம்பரம் அந்த அச்சத்தை உருவாக்கவில்லை, இருந்ததைத் தொட்டு எழுப்பியது. அதில் பங்குபெற்ற ஒலிக் கலைஞர் டோனி ஷ்வார்ட்ஸின் கொள்கையே அதுதான். பார்ப்பவர் மனத்துக்குள் புதிதாக எதையும் திணிக்க முடியாது, ஏற்கெனவே அங்கே கிடப்பதை மீட்டத்தான் முடியும் என்பார் அவர்.

பணம் கொடுத்து அந்த விளம்பரம் ஒளிபரப்பானது ஒரே ஒரு முறைதான். கோல்ட்வாட்டர் தரப்பு கொதித்தது, உடனே அது செய்தியானது. செய்தி ஒளிபரப்புகள் அதை மறுபடியும் காட்டின, இலவசமாக. ஜான்சன் 61 சதவீத வாக்குகளோடு 44 மாநிலங்களை வென்றார். விளம்பரம்தான் வெல்ல வைத்தது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சம்மதமில்லை. கருத்துக்கணிப்புகளில் ஜான்சன் அதற்கு முன்பே வெகு தூரம் முன்னால் இருந்தார்.

நான் அதிக நேரம் செலவிட விரும்புவது 1988 தேர்தலில். தாக்குதல் விளம்பரத்தின் நியாயமும் அநியாயமும் ஒரே இடத்தில் பின்னிக் கிடப்பதை அதுபோல் வேறெதிலும் நான் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ். குடியரசுக் கட்சி வேட்பாளர் துணை அதிபர் ஜார்ஜ் புஷ், அதாவது தந்தை புஷ். ஜூலையில் காலப் (Gallup) நிறுவனம் வெளியிட்ட ஒரு கருத்துக்கணிப்பில் டுகாகிஸ் 17 புள்ளிகள் முன்னால் இருந்தார்.

மாசசூசெட்ஸில் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு தரும் திட்டம் ஒன்று இருந்தது. அதைத் தொடங்கியது 1972 இல், குடியரசுக் கட்சி ஆளுநரின் காலத்தில். முதல்நிலைக் கொலைக் குற்றவாளிகளுக்கு அந்த விடுப்பைத் தடுக்கும் மசோதா 1976 இல் வந்தபோது, டுகாகிஸ் அதைத் தன் அதிகாரத்தால் நிராகரித்தார். 1974 இல் லாரன்ஸ் நகரில் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்த 17 வயதுப் பையன் ஒருவன் கொள்ளையில் குத்திக் கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் வில்லியம் ஹார்ட்டன். பரோலே கிடையாது என்ற தண்டனை. அவர் 1986 ஜூனில் பத்தாவது முறையாக விடுப்பில் வெளியே வந்தார், திரும்பிப் போகவில்லை. அடுத்த ஏப்ரலில் மேரிலாந்தில் ஒரு வீட்டில் புகுந்து, அங்கிருந்த ஆணைக் கத்தியால் குத்தினார், பெண்ணை வன்புணர்ந்தார்.

இது அற்ப விஷயம் இல்லை. பரோலே கிடையாது என்று தீர்ப்பெழுதப்பட்ட ஒருவர் எப்படி வார இறுதியில் வெளியே நடமாடினார் என்று கேட்பது குடிமக்களின் உரிமை. லாரன்ஸ் நகரின் உள்ளூர்ப் பத்திரிகை இதைத் தொடர்ந்து தோண்டி எழுதி, 1988 இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் போட்டியிலேயே அல் கோர் இந்த விடுப்புத் திட்டத்தை எடுத்து டுகாகிஸைக் கேட்டிருக்கிறார். அந்த ஆண்டு ஏப்ரலில் டுகாகிஸே அந்த வகைக் கைதிகளுக்கான விடுப்பை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆக, பொறுப்பில் இருந்தவரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விதான். கேட்ட விதத்தில்தான் எல்லாம் கெட்டது.

செப்டம்பர் 21 முதல் ஒளிபரப்பான முதல் விளம்பரம் புஷ் குழுவினுடையது இல்லை. அவரை ஆதரித்த வெளி அமைப்பு ஒன்றுக்காக லாரி மெக்கார்த்தி தயாரித்தது. முப்பது நொடி. வெளிச்சத்தில் புஷ், மங்கலில் டுகாகிஸ். அடுத்து ஹார்ட்டனின் காவல்துறைப் படம், கலைந்த தலை, அடர்ந்த தாடி, கறுப்பினத்தவர் என்பது பார்த்தவுடன் தெரியும்படி. தாம் ஒருபோதும் வில்லி என்று அழைக்கப்பட்டதில்லை என்று பின்னாளில் ஹார்ட்டன் சொல்லியிருக்கிறார். விளம்பரம் அவரை வில்லி ஹார்ட்டன் என்றே அறிமுகப்படுத்தியது. திரையில் கடத்தல், கத்திக்குத்து, வன்புணர்வு என்று சொற்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. குரல் சொல்வதில் பெரும்பகுதி வழக்குப் பதிவில் இருப்பதுதான். இனம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வெள்ளையர் மனத்தில் காலங்காலமாகக் கிடந்த ஓர் அச்சம் அந்த ஒரு புகைப்படத்தில் விழித்துக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 5 அன்று, புஷ்ஷின் அதிகாரபூர்வ விளம்பரம் வந்தது. இதில் ஹார்ட்டன் இல்லை. கறுப்பு வெள்ளைப் படம். சிறைச் சுவர் அருகே ஒரு சுழல் கதவு. கைதி உடையில் ஆண்கள் வரிசையாக உள்ளே நுழைந்து, நிற்காமல் அப்படியே வெளியே வருகிறார்கள். பரோலுக்குத் தகுதி இல்லாத முதல்நிலைக் கொலையாளிகளுக்கு டுகாகிஸ் வார இறுதி விடுப்பு தந்தார் என்கிறது குரல். அந்தச் சொற்கள் காதில் இருக்கும்போதே திரையில் எழுத்து வருகிறது: 268 பேர் தப்பினார்கள்.

இந்த விளம்பரத்தை வகுப்பில் ஒரே ஒரு முறை போட்டுவிட்டு, பார்த்ததை ஒரு வரியில் எழுதச் சொல்வேன். கொலையாளிகள் 268 பேர் தப்பியோடிவிட்டார்கள் என்றுதான் பெரும்பாலான தாள்களில் இருக்கும். பிறகு மறுபடியும் போடுவேன், இந்த முறை குரலை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும். மூன்றாவது முறை திரையை மறைத்துக் குரலை மட்டும். கொலையாளிகள் 268 பேர் என்று குரலும் சொல்லவில்லை, எழுத்தும் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். பல ஆண்டுகளில் விடுப்பில் போய்த் தப்பிய எல்லா வகைக் கைதிகளின் மொத்த எண்ணிக்கைதான் 268. அவர்களில் பரோலுக்குத் தகுதி இல்லாத முதல்நிலைக் கொலையாளிகள் நான்கே பேர். காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் ஒட்டவைத்தது பார்த்தவரின் மூளை. ஒட்டுவதற்கு ஏற்ற இடைவெளியை விட்டுவைத்தது தயாரித்தவரின் கை. வழக்கு போட்டாலும் பிடிக்க முடியாத பொய் இது.

டுகாகிஸ் என்ன செய்தார்? பெரும்பாலும் பேசாமல் இருந்தார். தாக்குதலுக்குப் பதில் சொல்வதில்லை என்பது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. இத்தகைய கீழ்த்தரத்தை மக்கள் தாங்களாகவே ஒதுக்கிவிடுவார்கள் என்று நம்பினார். அது தன் தவறு என்று பின்னாளில் பலமுறை ஒப்புக்கொண்டார். புஷ் 40 மாநிலங்களை வென்றார். அந்தத் தோல்வியிலிருந்து பாடம் படித்தவர் பில் கிளிண்டன். 1992 இல் லிட்டில் ராக்கில் அவர் குழு ஓர் அறையை ஒதுக்கி, எந்தக் குற்றச்சாட்டுக்கும் அன்றைய செய்தி நேரம் முடிவதற்குள் மறுப்பு போய்ச் சேர வேண்டும் என்று வேலை செய்தது.

அந்தப் புகைப்படம் என்ன செய்தது என்பதை அரசியல் அறிஞர் டாலி மெண்டல்பெர்க் பின்னர் ஆராய்ந்தார். இனம் என்ற பேச்சே எழாமல் படம் மட்டும் பேசிக்கொண்டிருந்த வரையில் அது வாக்காளர்களிடம் வேலை செய்தது. அக்டோபர் பிற்பகுதியில் ஜனநாயகக் கட்சியின் கறுப்பினத் தலைவர் ஜெசி ஜாக்சன், இது இனவெறியைத் தூண்டும் பிரசாரம் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகு அதன் வேகம் குறைந்தது. சொல்லாமல் விட்டதை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பார்ப்பவர் தன் மனத்தையே ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். எனக்கு இது மிகப் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது. வாய்மூடி இருப்பது கண்ணியம் என்று டுகாகிஸ் தரப்பு எண்ணிய அந்த வாரங்கள்தான் எதிர்த்தரப்புக்குப் பொன்னான வாரங்கள்.

புஷ்ஷின் பிரசாரத்தை நடத்திய லீ அட்வாட்டர், ஹார்ட்டனை டுகாகிஸின் துணை அதிபர் வேட்பாளர் ஆக்கிக் காட்டுகிறேன் என்று அப்போது பேசியவர். மூளைக் கட்டியால் சாவின் விளிம்பில் இருந்தபோது, 1991 இல், லைஃப் இதழில் டுகாகிஸிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பேச்சு தன்னை இனவெறியராகக் காட்டுகிறது, தான் அப்படிப்பட்டவன் இல்லை என்றும் எழுதினார். அந்த மார்ச்சில் இறந்தபோது அவருக்கு வயது 40.

சரி, பொதுவாக இவை வெற்றி தருகின்றனவா? 2007 இல் ரிச்சர்ட் லாவ், லீ சிகல்மன், ஐவி ரோவ்னர் ஆகிய மூவரும் அதுவரை நடந்த 111 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தாக்குதல் விளம்பரங்கள் மனத்தில் நன்றாகத் தங்குகின்றன. தாக்கப்பட்டவரின் பெயர் கொஞ்சம் கெடுகிறது. ஆனால் தாக்கியவரின் பெயர் அதைவிடக் கெடுகிறது. மொத்தத்தில் இவை வாக்குகளை அள்ளித் தருகின்றன என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. மக்களை வாக்குச்சாவடிக்கு வரவிடாமல் செய்கின்றன என்று தொண்ணூறுகளில் சோதனை நடத்திய ஸ்டீபன் ஆன்சலபெஹரும் சாந்தோ ஐயங்காரும் வாதிட்டிருந்தார்கள். தொகுப்பாய்வு அதையும் உறுதி செய்யவில்லை. உறுதியானது வேறொன்று. அரசின் மீதான நம்பிக்கையும், தன் வாக்குக்கு மதிப்பு உண்டு என்ற எண்ணமும் சற்றுத் தேய்கின்றன. தேர்தல் முடிந்த பிறகும் தங்கிப்போகும் சேதம் அதுதான் என்பதால் அதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

பிறகு ஏன் பணத்தைக் கொட்டுகிறார்கள்? நெருக்கமான போட்டியில் ஓரிரு சதவீதம் நகர்ந்தாலே முடிவு மாறும் என்பதால். எதிராளி அடிக்கும்போது சும்மா இருந்த டுகாகிஸின் கதி எல்லோருக்கும் நினைவிருப்பதால். தாக்கினால் செய்தியாகும், தன் சாதனையைச் சொன்னால் ஆகாது என்பதால். அமெரிக்காவில் பெரும்பாலும் இருமுனைப் போட்டி என்பதும் ஒரு காரணம். ஒருவரிடமிருந்து விலகும் வாக்காளருக்குப் போக இன்னோர் இடம்தான் உண்டு. பலமுனைப் போட்டியில் இந்தக் கணக்கு தப்பும். 2004 இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கான போட்டியில், அயோவா மாநிலத்தில், ஹோவர்ட் டீனும் டிக் கெப்ஹார்ட்டும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். ஜான் கெர்ரியும் ஜான் எட்வர்ட்ஸும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள்.

திருப்பியடித்ததற்குக் கனடாவைப் பார்க்க வேண்டும். 1993 தேர்தலில், வாக்குப்பதிவுக்குப் பதினொரு நாள் முன்பு, ஆளும் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி ஒரு விளம்பரம் வெளியிட்டது. லிபரல் தலைவர் ழான் க்ரெட்டியனின் முகத்தை மிக அருகில் காட்டும் படங்கள், இவரா பிரதமர் என்ற கேள்வி. சிறு வயதில் வந்த முகவாதத்தால் அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும். கடவுள் எனக்கு ஓர் உடற்குறை தந்தார், சிறுவயதிலிருந்தே அதை ஏற்றுக்கொண்டு வாழ்கிறேன் என்று க்ரெட்டியன் பதில் சொன்னார். நாடே முகம் சுளித்தது. பிரதமர் கிம் கேம்பல் உடனடியாக விளம்பரத்தை நிறுத்தினார். கட்சி ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது, எனவே தோல்வி முழுவதையும் இதன் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் முந்தைய தேர்தலில் பெரும்பான்மை பெற்ற கட்சிக்கு அந்த முறை கிடைத்தது 2 இடங்கள். இங்கேயும் மீதியைப் பார்ப்பவர்தான் முடித்தார். தயாரித்தவர்கள் எதிர்பார்த்தபடி முடிக்கவில்லை, அவ்வளவே.

தாக்கியவருக்கே அடி திரும்பும் என்ற இந்தப் பயத்துக்கு அமெரிக்கர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், அடிக்கும் வேலையை வெளியாரிடம் விட்டுவிடுவது. 2002 சட்டத்தின்படி, இந்த விளம்பரத்துக்கு நான் ஒப்புதல் அளித்தேன் என்று வேட்பாளர் தன் குரலிலேயே சொல்ல வேண்டும். நேரில் நின்று சொல்ல வேண்டியிருந்தால் வசை குறையும் என்பது எண்ணம். ஆனால் வெளி அமைப்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2010 இல் சிட்டிசன்ஸ் யுனைட்டட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையொட்டி, வரம்பில்லாமல் பணம் திரட்டும் சூப்பர் பேக் அமைப்புகள் முளைத்தன. அடிப்பது அவர்கள், பலன் வேட்பாளருக்கு, கெட்ட பெயர் யாருக்கும் இல்லை. குடியரசுக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் அயோவாவில் முன்னணியில் இருந்த நியூட் கிங்ரிச், மிட் ராம்னியை ஆதரித்த அத்தகைய அமைப்பு ஒன்றின் விளம்பர மழையில் நனைந்து, 2012 ஜனவரியில் நான்காம் இடத்துக்கு இறங்கினார். அந்த அமைப்பின் விளம்பரங்களைத் தயாரித்தவர் லாரி மெக்கார்த்தி, ஹார்ட்டன் விளம்பரத்தைத் தயாரித்த அதே மெக்கார்த்தி.

தடை செய்வதைப் பற்றி. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதற்கு இடம் தராது. தேர்தலில் தெரிந்தே பொய் சொல்வதைத் தண்டிக்கும் ஓஹயோ மாநிலச் சட்டத்தையே 2014 இல் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாது என்றது. வேட்பாளர் தரும் விளம்பரத்தைத் தணிக்கை செய்ய ஒளிபரப்பு நிலையங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 1934 சட்டமே சொல்கிறது. சட்டம் இடம் தந்தாலும் நான் தடையை ஆதரிக்க மாட்டேன். தொலைக்காட்சியில் கட்டண அரசியல் விளம்பரமே கூடாது என்ற பிரிட்டனில்தான், வேலையில்லாதோர் வரிசையைக் காட்டி லேபர் கட்சியை அடித்த, சாச்சி அண்ட் சாச்சி (Saatchi & Saatchi) விளம்பர நிறுவனத்தின் சுவரொட்டி 1978 இல் தெருவுக்கு வந்தது. மேலும், ஆட்சியில் இருப்பவரின் தவறை அவரே விளம்பரம் செய்ய மாட்டார். அறுபதுகளிலிருந்து வந்த அதிபர் தேர்தல் விளம்பரங்களை ஆராய்ந்த ஜான் கீர், தன்னைப் புகழும் விளம்பரங்களைவிடத் தாக்கும் விளம்பரங்களில்தான் கொள்கையும் ஆதாரமும் அதிகம் என்று கண்டார். குடும்பத்தோடு வயலோரம் நடக்கும் வேட்பாளரின் படத்திலிருந்து வாக்காளருக்குத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? கைதி விடுப்பைப் பற்றிய கேள்வி கேட்கப்பட்டிருக்கவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் புகைப்படமும் அந்த 268 என்ற எண்ணும் இல்லாமல் கேட்டிருக்க முடியும்.

தடைக்குப் பதில் செய்யக்கூடியதைப் பத்திரிகையாளர்கள்தான் தொடங்கினார்கள். 1988 இன் கசப்புக்குப் பிறகு, 1990 தேர்தலிலிருந்து பல செய்தித்தாள்கள் ஒவ்வொரு விளம்பரத்தின் வாசகத்தையும் அச்சிட்டு, எது சரி, எது திரிபு என்று பக்கத்திலேயே எழுதத் தொடங்கின. தொலைக்காட்சிகளும் அதையே செய்தபோது ஒரு சிக்கல் வந்தது. சரிபார்ப்பதற்காக விளம்பரத்தைத் திரை முழுவதும் ஓடவிட்டார்கள், பார்த்தவர்களுக்கு விளம்பரம் நினைவில் நின்றது, திருத்தம் நிற்கவில்லை. 1964 இல் டெய்சிப் பூவுக்குக் கிடைத்த அதே இலவச மறுஒளிபரப்பு. தகவல் தொடர்பு அறிஞர் கேத்லீன் ஹால் ஜேமிசன் இதை ஆராய்ந்து ஒரு வழி சொன்னார். விளம்பரத்தை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் படத்துக்குள் சிறிதாக அடைத்து, சற்றுச் சாய்த்து வையுங்கள், இது விளம்பரம் என்பது ஒரு நொடிகூட மறக்காதபடி. அதைப் பாதியில் நிறுத்துங்கள். நிறுத்திய இடத்திலேயே, அந்தப் படத்தின் மேலேயே, திருத்தத்தை எழுதுங்கள். சுழல் கதவு விளம்பரத்தை இப்போது வகுப்பில் நான்காவது முறை போடும்போது நான் அப்படித்தான் போடுகிறேன். 268 என்ற எழுத்து திரையில் வந்ததும் நிறுத்திவிட்டு, அதன்மேல் 4 என்று எழுதுகிறேன்.